வெறுங்கையோடு போகாதவர்

அக்காவின் மாவுக் கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்காது. மாவு இருக்கும், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும், அக்காவும் இருப்பார். ஆனால் அவர் காலில் செருப்பு இருக்காது. இன்னொரு மாதம் செருப்பு இருக்கும், தலையில் பூ இருக்காது. வேறொரு மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டீ டம்ளர் காணாமல் போயிருக்கும். யாருக்கோ ஏதோ கஷ்டம், அதற்காக அக்கா எதையோ விட்டிருக்கிறார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாருக்கு, என்ன கஷ்டம் என்று மட்டும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார். "சொல்லிட்டாச் செல்லாதுங்க" என்று சிரிப்பார்.

ஏற்காடு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்தது அந்தக் கடை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அப்பா அம்மா இருவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, தங்கையை அந்த அறையில் வைத்துத்தான் வளர்த்தார், படிக்க வைத்தார். தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்தத் தங்கை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அப்படித்தான் எனக்கு அக்கா பழக்கம்.

வேண்டுதல் எல்லோரும்தான் வைக்கிறார்கள். என் அம்மாவும் வைப்பார், காரியம் முடிந்ததும் மறந்துபோவார். அக்காவின் முறை வேறு. உண்டியலில் போடுவது, பொங்கல் வைப்பது எதுவும் கிடையாது. கேட்கும்போதே தன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. ஒருமுறை நான் விடாமல் கேட்டபோது, "கேக்கறதுக்குப் போறப்போ கையை வீசிக்கிட்டுப் போய் நிக்க முடியுமுங்களா சாமி? ஒரு ஊட்டுக்குப் போனாலே ரெண்டு வாழைப்பழமாச்சும் வாங்கிட்டுத்தானே போறோம்" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார், ங்க போட்டுத்தான் பேசுவார்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், அக்கா டிவி சீரியலை விட்டார். நாங்களாக ஊகித்ததுதான். வருடக் கணக்காக ஆட்டம் போட்ட வில்லி பிடிபடப் போகிற வாரம் அது. தெருவே அந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் எங்களோடு ஓட வருகிற ஜவுளிக்கடை அண்ணன் வேண்டுமென்றே கடை வாசலில் நின்று, "அக்கா, போலீஸ் வந்து யாரைப் புடிச்சுட்டுப் போச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அக்கா இரண்டு காதையும் மாவுக் கையோடு பொத்திக்கொண்டு, "சும்மா இருங்கண்ணா, காரியம் கெட்டுப்போகும்" என்று கெஞ்சினார். குழந்தை பிழைத்து வந்தது. அக்காவின் காதோரம் காய்ந்திருந்த மாவைப் பார்த்துக் குழந்தையின் அம்மாவும் சிரித்தாள். அப்போது எங்களுக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்காவின் ஓட்டமும் ஒரு வேண்டுதலில்தான் ஆரம்பித்தது. தங்கைக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இருக்கும் முனியப்பன் வரைக்கும் நடந்து போவதாக வேண்டிக்கொண்டார். போய்விட்டு வந்து கடை திறக்க வேண்டும், மாவு புளித்துவிடும். அதனால் நடை ஓட்டமானது. நான் அப்போது எஸ்.ஐ. தேர்வுக்காக அதே பாதையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முதல் ஆள் நான்தான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால் அப்பா அழுவார் என்று நினைத்து நினைத்தே ஓடுவேன். மூச்சு வாங்க நான் நிற்கும் இடத்தில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா அலட்டாமல் கடந்து போவார்.

சில மாதம் கழித்து ஒருநாள், கவலையான முகத்தோடு வந்தார். ஓடுவது தனக்குப் பிடித்துப்போய்விட்டது என்றார். நல்லதுதானே அக்கா என்றேன். "எங்கீங்க நல்லது? புடிச்சுச் செய்யறதைச் சாமி எப்படிங்க ஏத்துக்கும்?" என்றார். முனியப்பனிடம் போய் அதை ஒத்துக்கொண்டு, ஓட்டத்தை வேண்டுதலிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தலையணையை விட்டார். வெறுந்தரையில் கையை மடித்து வைத்துத் தூங்கினார். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அவர் வாழ்க்கையில் யாருக்காகவும் இல்லாமல், தனக்கென்று செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எஸ்.ஐ. தேர்வில் ஓட்டத்தில் தேறினேன், எழுத்துத் தேர்வு மார்க் பத்தாமல் போய்விட்டது. நான் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் முடிவு வந்த அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காக உப்பை விட்டிருந்தாராம். நடுவில் ஒருநாள் பழைய சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டாராம். "ஊறுகாயில உப்பு இருக்கும்ங்கறதை மறந்துட்டனுங்க சாமி. என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆயிருச்சு." நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பிறகு வேறு தேர்வு எழுதி ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன். அதற்கு எதை விட்டார் என்று நான் கேட்கவில்லை.

தங்கை நர்சிங் படித்துத் தம்மம்பட்டியில் வாக்கப்பட்டாள். நல்ல குடும்பம். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை நாலு மாதம் ஆகியிருந்தபோதுதான் நாங்கள் கண்டிக்கோட்டா பள்ளத்தாக்குக்குப் போனோம்.

ஜவுளிக்கடை அண்ணனின் ஏற்பாடு அது. ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்கள் சேர்ந்து வேனில் ஆந்திரா போய், லீவு மாதிரி இரண்டு நாள் கூடாரத்தில் தங்கி, அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஒரு காலை ஓடிவிட்டு வருவது. டிரெயில் ரன் என்றார். அக்கா வரவில்லை என்றுதான் சொன்னார். சேலத்தைத் தாண்டி எந்த ஊரையும் சும்மா சுற்றிப் பார்க்கப் போனதில்லை அவர். தங்கைதான் போனில் சண்டை பிடித்து அனுப்பி வைத்தாள். "ஒரு தடவையாச்சும் உனக்குன்னு எங்காச்சும் போயிட்டு வாக்கா" என்று அவள் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

மாசி மாதக் கடைசி. விடியும் முன்பே, பள்ளத்தாக்கின் மேலிருக்கும் பழைய கோட்டையின் ஓரத்திலிருந்து பாறைகளைப் பிடித்து இறங்கினோம். வெளிச்சம் வந்தபோது நாங்கள் அடியில் இருந்தோம். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கினது போலச் சிவப்புப் பாறைச் சுவர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். நடுவில் பெண்ணாறு வற்றி மணலாகக் கிடந்தது, அங்கங்கே பச்சையாகத் தேங்கின தண்ணீர். ஒரு மரம் இல்லை. முள்ளும் கல்லும் மணலும்தான். பாலைவனம் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது நான் மனதில் வரைந்துகொண்டது ஏறக்குறைய இதைத்தான். அக்கா நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "எத்தாப் பெரிய கெணறுங்க சாமி" என்றார். "எங்கப்பன் பாறையில வெடி வெச்சு எறக்குன கெணறாட்டமே இருக்குது. இதை எந்த ஆளு வெட்டுனான்?" ஆறுதான் வெட்டியது என்றேன். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மணலில் ஓட ஆரம்பித்தார்.

அந்தக் காலை அக்கா ஓடின மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாறைக்குப் பாறை தாவினார். சத்தம் போட்டுத் தன் பெயரைக் கூப்பிட்டு, சுவர் அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டுச் சிரித்தார். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டே போனதில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பும் வழியில் ஏறவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, மறுபடி மணலிலேயே நெடுந்தூரம் நடந்தோம். வெயில் உச்சிக்கு வந்தது. சுவர்கள் அடுப்பு மாதிரி அனல் விட்டன. எங்கள் பாட்டில்கள் காலியாகிவிட்டன. ஜவுளிக்கடை அண்ணனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது அக்கா தன் பாட்டிலை நீட்டினார். அது முழுசாக இருந்தது. எல்லோரும் வாங்கிக் குடித்தோம். தேங்கிய தண்ணீரை அக்கா கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். நாங்கள் இத்தனை பேர் இருந்தும், அவர் பாட்டில் மட்டும் ஏன் முழுசாகவே இருந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறியது. தோலைத் தொட்டால் காய்ந்த சூடு, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அண்ணன் மேலே ஓடிப்போய்க் கூடாரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாயருகே வைத்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்துத் தாடையைப் பிரிக்கப் பார்த்தேன். தலையை ஆட்டினார். கண் என்னைப் பார்த்துத்தான் இருந்தது.

"பொழுது சாயட்டும் சாமி" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தங்கைக்குப் போன் போட்டேன். நான் பாதி சொல்வதற்குள் அவள் புரிந்துகொண்டாள். போனை அக்காவின் காதில் வைக்கச் சொன்னாள். "அக்கா, நான் பேசறேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ தண்ணியக் குடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்காவுக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார். பல் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நினைவே போய்விட்டது. அப்போது வாயைத் திறந்து ஊற்றினால் புரையேறும் என்று தங்கை போனிலேயே கத்தினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தங்கைக்குக் கரு தரித்தது தெரிந்த நாளிலிருந்தே, சூரியன் இருக்கிற நேரத்தில் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறார். டீ இல்லை, மோர் இல்லை. மலைப்பாதையில் ஓடிவிட்டு வந்து, கிரைண்டர் சூட்டில் பகல் முழுக்க நின்று, விளக்கு வைத்த பிறகுதான் செம்பை எடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அக்கா கண் விழித்ததும் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பார்த்தார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. "சாமி, ஊசியில ஏத்தறதும் தண்ணி குடிச்சதாத்தான் ஆவுங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் படித்தவன். இல்லை அக்கா, அது மருந்து என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சேலத்துக்குக் கொண்டுவந்த பிறகு சொன்னார்கள். கொஞ்ச நாளில் தேறும் என்றார்கள், தேறவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். தாய் வீடு என்று இருந்த அந்த ஒற்றை அறை பூட்டிக் கிடந்ததால், தங்கை மாமியார் வீட்டிலேயே பெற்றெடுத்தாள். பெண் குழந்தை, நல்ல எடை, ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தங்கையால் தாங்க முடியாதது. ஊர் முழுக்க நம்பியது. தண்ணியை விட்டு வாங்கின பிள்ளை என்று தம்மம்பட்டி வரைக்கும் பேச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஆள் வர ஆரம்பித்தார்கள். மகனுக்கு விசா வரவில்லை, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எங்களுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள் அக்கா என்று. தங்கை அவர்களைத் துரத்தினாள். ஒருநாள் வராந்தாவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "யாரு கேட்டா இவளை? நான் கேட்டனா?" என்றாள். "எல்லாரும் வந்து புள்ளையத் தொட்டுக் கும்பிடறாங்க. அது சிரிச்சாக்கூட எனக்குப் பயமா இருக்குது. நான் என்னன்னு இதை வளக்கறது?"

அக்காவுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் ஒரு சின்ன டம்ளரைக் காட்டியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள். அக்கா அந்த டம்ளரை நாள் முழுக்க வைத்திருந்து குடிப்பார். "எனக்கு ஏற்கெனவே பழக்கமுங்க" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொல்வார். ஓட முடியாததுதான் குறை. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலைப்பாதையில் ஓடிப் போகிற பையன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தைப் பற்றி மட்டும் என்னிடம் அடிக்கடி கேட்பார். மழை பெய்தால் அந்தக் கிணறு நிறையுமா, அப்போது பாறை என்ன நிறத்தில் இருக்கும் என்று.

தங்கை வாரம் தவறாமல் குழந்தையோடு வருவாள். டயாலிசிஸ் நேரம் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். அக்காவின் கால்விரலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்காக இனி எதுவும் வேண்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல் என்று பலமுறை கேட்டிருக்கிறாள். அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

திடீரென்று அவள் வருவதை நிறுத்தினாள். எனக்கு மட்டும் போன் வந்தது. மறுபடி கரு தரித்திருக்கிறது, மூன்று மாதம். "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த ஒரு டம்ளரையும் விட்டுரும்" என்றாள். வயிறு தெரியும் முன்பே ஒதுங்கிக்கொண்டாள். பிறகு நான்தான் பொய் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். குழந்தைக்குச் சளி, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையாட்டுவார். அவர் உடம்பு அந்த மாதங்களில் வேகமாக இறங்கியது. முகம் கறுத்து, கால் வீங்கியது. வாசலில் ஆட்டோ நின்றால் தலை தானாகத் திரும்பும்.

ஒருநாள் பொய் தீர்ந்துபோய், அவளுக்குக் கால்வலி என்றேன்.

"வயித்துல புள்ளைய வெச்சிருக்கறவளுக்குக் கால் வலிக்கத்தானுங்க செய்யும்" என்றார் அக்கா.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். கடைசியாக வந்தபோது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டதாம். அப்படியானால் வரச் சொல்லிவிடுகிறேன், அவளும் பார்க்காமல் தவிக்கிறாள் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது.

"வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க சாமி. புள்ளை பொறக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஏன் அக்கா?"

"சொல்லப்படாதுங்க."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். டம்ளரைப் பார்த்தேன். அதில் தண்ணீர் வழக்கம்போலக் குறைந்திருந்தது. அவர் விட்டிருந்தது அதை இல்லை. அவரிடம் விடுவதற்கு மிச்சம் இருந்தது தங்கையின் முகம் ஒன்றுதான்.

அன்றே தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அக்கா கண்ணை மூடிக்கொண்டாலும் முன்னால் போய் உட்காருவேன் என்றாள். அக்கா வெள்ளிக்கிழமை காலையில், டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

கடை வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிறவர்கள் எழவு வீட்டுக்குள் வர மாட்டார்கள். புருஷன் மட்டும் வருவார், அவள் வர மாட்டாள் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். அவள் வந்தாள். தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கி, நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பெண்கள் எழுந்து மறித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, முன்பு டெங்கு வந்த குழந்தையின் அம்மாதான், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபடி, "வயித்துல இருக்கறதுக்காகத்தான் கண்ணு சொல்றேன், எட்டவே நின்னுக்க" என்றாள்.

"வயித்துல இருக்கறதுக்காக எங்கக்காவைப் பாக்காம இருந்தது போதுமுங்க" என்றாள் தங்கை.

யாரும் அதற்குமேல் தடுக்கவில்லை. அவள் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து யாரோ சின்னக் கிண்ணத்தில் பாலும் கரண்டியும் கொண்டுவந்தார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கேட்டாள். தாடையைக் கட்டியிருந்த துணியைத் தளர்த்தினாள். பல் சேர்ந்தே இருந்தது.

"குடிக்கா" என்றாள். "நான் கேக்கறேன், குடி."

தண்ணீர் உதட்டில் நிற்காமல் கழுத்தில் வழிந்து, புதுச்சேலையை நனைத்துப் பாயில் இறங்கியது. சொம்பு காலியாகும் வரை ஊற்றினாள்.